வலி மாத்திரை வாங்கும் முன்: அட்டையின் பின்புறத்தைப் படிக்கும் முறை

மருந்துக் கடையில் 'டோலோ ஒரு அட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் டோலோ 650 வரும். அதில் இருப்பது பாரசிட்டமால் மட்டும். ஆனால் அதே கடையின் அலமாரியில் டோலோகைண்ட் இருக்கிறது, அது அசிக்ளோஃபினாக். டோலோனெக்ஸ் இருக்கிறது, அது பைராக்சிகாம். டோலோபார் இருக்கிறது, அது பாரசிட்டமாலோடு காஃபின். கூட்டம் நெரியும் நேரத்தில் அரைகுறையாகக் காதில் விழுந்த பெயருக்கு எது கைக்கு வருகிறதோ அது கவருக்குள் போய்விடும். சாதாரணத் தலைவலிக்காரருக்கு ஒருவேளை இதனால் ஒன்றும் ஆகாமல் போகலாம். டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கோ வயிற்றுப்புண் உள்ளவருக்கோ பைராக்சிகாம் போனால் கதை வேறு. அந்த மருந்தில் பாதி உடலைவிட்டு வெளியேறவே ஏறத்தாழ 2 நாள் ஆகும். தவறு தெரிந்து நிறுத்திய பிறகும் அது உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

பெயர்க் குழப்பம் புதிதல்ல. மலேரியாவுக்கான ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு பெயர்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2001-இல் தீர்ப்பானது. மற்றப் பொருள்களைவிட மருந்துப் பெயர்களின் ஒற்றுமையை மிகக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். இருந்தும் அலமாரி இன்றும் இப்படித்தான் இருக்கிறது. ஆகவே வாங்குபவர்தான் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படி 1: முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள்

அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் 'ஈச் டேப்லெட் கன்டெய்ன்ஸ்' என்று ஒரு பகுதி தொடங்கும். அதற்குக் கீழே உள்ள வரிகள்தான் நீங்கள் உண்மையில் விழுங்கப் போவது. 'பாரசிட்டமால் ஐ.பி. 325 மி.கி.' என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி இருக்கும். 'ஐ.பி.' என்பது இந்திய மருந்துத் தர நூலின்படி தயாரானது என்பதைக் காட்டும் குறி; அதைத் தாண்டிவிடலாம். கடைசியில் வரும் நிறமிப் பெயர்களையும் விட்டுவிடலாம். எத்தனை மருந்து வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒரே வரி என்றால் ஒற்றை மருந்து. இரண்டு, மூன்று வரி என்றால் கடைக்காரர்கள் 'காம்பினேஷன்' என்று சொல்கிறார்களே, அது.

எழுத்து படிக்கவே முடியாத அளவு சிறிதாக இருந்தால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கும் 300 பிராண்டுகளின் உறையில் கியூஆர் கோடு கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் ஜெனரிக் பெயர் (பிராண்ட் அல்லாத, மருந்தின் சொந்தப் பெயர்), தயாரிப்பாளர், காலாவதித் தேதி ஆகியவை வரும்.

அட்டையை வெட்டி வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் ஒரு முனையில் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்த முனையைக் கடைக்காரர் வைத்துக்கொண்டு மறுமுனையை வெட்டிக் கொடுப்பது வழக்கம். நாலு மாத்திரைதான் வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் முழு அட்டையையும் வாங்கிப் பார்த்துத் தேதியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். முழு அட்டை வாங்கினால் வீட்டில் தேதி இல்லாத பக்கத்திலிருந்து மாத்திரையைப் பிதுக்கிக்கொண்டே வாருங்கள்.

படி 2: வால் எழுத்துகளை நம்பாதீர்கள்

பிராண்ட் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பி, எஸ்பி, எம்ஆர், பிளஸ், ஃபோர்ட் ஆகியவற்றுக்குப் பொதுவான இலக்கணம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்கு வைப்பதுதான்.

ஜீரோடால்-பி என்பதில் 'பி' பாரசிட்டமாலைக் குறிக்கிறது: அசிக்ளோஃபினாக் 100, பாரசிட்டமால் 325. மெஃப்டால்-பி என்பதில் 'பி' குழந்தைகளுக்கானது என்பதைக் குறிக்கிறது. உள்ளே இருப்பது மெஃபனாமிக் ஆசிட் மட்டுமே, பாரசிட்டமால் துளியும் இல்லை. 'எங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பாரசிட்டமால்தான் கொடுத்தோம்' என்று டாக்டரிடம் மெஃப்டால்-பி பாட்டிலை நீட்டும் பெற்றோர் நிறைய.

எம்ஆர் இதைவிடச் சிக்கல். சர்க்கரை மாத்திரையான டயாமைக்ரான் எம்ஆரில், மருந்து மெதுவாக வெளியாகும் என்று அர்த்தம். ஜீரோடால்-எம்ஆரில் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் டைசானிடின் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். டைசானிடின் தூக்கத்தைக் கொண்டுவரும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி எழுதப்படும் சிப்ரோஃபிளாக்சசினோடு இதைச் சேர்க்கவே கூடாது. டைசானிடின் ரத்தத்தில் பலமடங்கு ஏறி ஆளைச் சாய்த்துவிடும்.

ஜீரோடால்-எஸ்பியில் 'பி' பாரசிட்டமால்; 'எஸ்' செர்ராஷியோபெப்டிடேஸ், வீக்கத்துக்கு என்று சேர்க்கப்படுவது. ஜப்பானில் இதை விற்றுவந்த டகேடா நிறுவனம், பயன் இருப்பதைச் சோதனையில் காட்ட முடியாமல் 2011-இல் தானே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. நம் ஊரில் இன்னும் அமோகமாக ஓடுகிறது. இதற்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை என்பது எங்கள் கருத்து.

எஸ்ஆர், சிஆர் என்று இருந்தால் மட்டும் பெரும்பாலும் ஒரே பொருள்: மெதுவாகக் கரைவது. அவற்றை உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு நாளுக்கான மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும்.

படி 3: எந்தக் குடும்பம் என்று பாருங்கள்

கடையில் 'பெயின் கில்லர்' என்று கிடைப்பவற்றை மூன்று குடும்பமாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது பாரசிட்டமால். டோலோ 650, கால்பால், குரோசின் எல்லாம் இதுவே. வலி, காய்ச்சல் இரண்டுக்கும் கேட்கும். வீக்கத்துக்கு அவ்வளவாகக் கேட்காது. அளவு மீறினால் ஈரல் கெடும்.

இரண்டாவது, அழற்சியைக் குறைக்கும் குடும்பம். டாக்டர்கள் 'என்செய்ட்' என்பார்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் (வோவெரான்), அசிக்ளோஃபினாக் (ஜீரோடால், ஹைஃபினாக்), மெஃபனாமிக் ஆசிட் (மெஃப்டால்), நிமசுலைடு (நைஸ்), பைராக்சிகாம், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் இதில் அடங்கும். வீக்கம், மூட்டு, பல், மாதவிடாய் வலிக்கு நன்றாகக் கேட்கும். வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றையும் பாதிக்கக்கூடும். நிமசுலைடை இந்தியாவில் 12 வயதுக்குக் கீழே கொடுக்க 2011 முதல் தடை. ஸ்பெயின், பின்லாந்து, அயர்லாந்து நாடுகள் ஈரல் பாதிப்புக்காக அதைச் சந்தையிலிருந்தே நீக்கின. இத்தனை மாற்று மருந்துகள் இருக்க, அதை நாமாகப் போய்க் கேட்டு வாங்கத் தேவையே இல்லை.

மூன்றாவது டிராமடால் வகை. அல்ட்ராசெட் மாத்திரையில் டிராமடால் 37.5, பாரசிட்டமால் 325 இருக்கும். 2018 முதல் டிராமடால் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பழக்கமாகக்கூடியது, குமட்டல், மலச்சிக்கல், தலைசுற்றல் தரும். மருந்துச் சீட்டு இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒரு நேரத்தில் இரண்டாவது குடும்பத்திலிருந்து ஒரே ஒரு மருந்துதான். காம்பிஃப்ளாம் (ஐபுபுரூஃபன் 400, பாரசிட்டமால் 325) போட்டும் அடங்கவில்லை என்று மேலே ஒரு வோவெரான் போட்டால் வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்புதான் கூடும். பாரசிட்டமாலையும் ஐபுபுரூஃபனையும் சேர்ப்பது வேறு விஷயம். அவை தனித்தனி வழியில் வேலை செய்வதால் பல்வலி போன்றவற்றில் அந்த ஜோடி நன்றாகவே கேட்கும்.

படி 4: பாரசிட்டமாலைக் கூட்டிப் பாருங்கள்

ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் உச்சவரம்பு 4000 மி.கி. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் போடும்போது 3000-த்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 50 கிலோவுக்குக் குறைவானவர், தினமும் மது குடிப்பவர், ஈரல் நோயாளி ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. பலருக்கு 2000 மட்டுமே. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6.

தவறு நடப்பது ஒரே மாத்திரையை அதிகம் போடுவதால் மட்டுமல்ல. சளி மாத்திரைகளான சினாரெஸ்ட், விக்ஸ் ஆக்‌ஷன் 500 போன்றவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது, பொதுவாக 500 மி.கி. ஒருவர் காய்ச்சலுக்கு டோலோ 650 மூன்று வேளை, சளிக்கு சினாரெஸ்ட் மூன்று வேளை, முதுகுவலிக்கு ஏற்கெனவே எழுதித் தந்த ஜீரோடால்-பி இரண்டு வேளை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1950, 1500, 650. மொத்தம் 4100. எந்த மாத்திரையையும் அவர் அளவுக்கு மேல் போடவில்லை, ஆனாலும் வரம்பைத் தாண்டிவிட்டார்.

அதனால்தான் சொல்கிறோம், வீட்டில் வைத்துக்கொள்ள ஒற்றை மருந்து போதும். சளிக்கு வேறு, வலிக்கு வேறு என்று தனித்தனியாக வாங்கினால் கணக்கு கையில் நிற்கும்.

படி 5: மாத்திரைக்கு முன் ஆளைப் பாருங்கள்

எந்த வலி மாத்திரை 'பவர்' என்பதைவிட, போடப்போகிறவர் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது குடும்பத்து மருந்தை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாதவர்கள் இவர்கள்:

- வயிற்றுப்புண், கறுப்பு மலம், ரத்த வாந்தி எப்போதாவது இருந்தவர்கள். 65 வயதைத் தாண்டியவர்கள்.
- சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், மாரடைப்பு அல்லது இதயச் செயலிழப்பு வந்தவர்கள்.
- ரத்தம் உறையாமல் இருக்க எகோஸ்பிரின் (ஆஸ்பிரின்தான்), குளோபிடோக்ரெல், அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள். எகோஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது.
- வலி மாத்திரை போட்டு முன்பு மூச்சிரைப்போ தடிப்போ வந்த ஆஸ்துமாக்காரர்கள்.
- கர்ப்பிணிகள், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். டாக்டர் எழுதிய குறைந்த அளவு ஆஸ்பிரின் இதில் சேராது.

ரத்த அழுத்த மாத்திரைக்காரர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்மா-எச் என்பது டெல்மிசார்டனோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்தது. இதோடு அசிக்ளோஃபினாக்கோ டைக்ளோஃபினாக்கோ சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. வலி மாத்திரை, சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயைச் சுருக்கும். டெல்மிசார்டன், ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கும். வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகும். வாந்தி, பேதி வந்த நாளிலோ, சித்திரை வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காத நாளிலோ இது வேகமாக நடக்கும். மூட்டுவலிக்காரர் பலர் இந்த ஜோடியை மாதக்கணக்கில் போடுகிறார்கள். சிறுநீரகம் கெட்டிருப்பது ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்தால்தான் தெரியும்.

'பேன் 40 போட்டுட்டுத்தானே போடுறேன்' என்பது அடிக்கடி கேட்கும் சமாதானம். பேன் 40-இல் இருக்கும், அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் வயிற்றை ஓரளவு காக்கும். சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்காது. 'மாத்திரைதான் வயித்தைக் கெடுக்கும், ஊசி போட்டா ஒண்ணும் பண்ணாது' என்பதும் சரியல்ல. டைக்ளோஃபினாக் ரத்தம் வழியாகப் போய் வயிற்றின் காப்புப் படலத்தைக் குறைக்கிறது. இடுப்பில் போட்டாலும் அந்த வேலையை அது செய்யும்.

படி 6: வலிக்கு ஏற்ற மருந்து

காய்ச்சல், உடம்புவலி, தலைவலிக்குப் பாரசிட்டமால் 500 அல்லது 650. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், மெஃப்டால், டைக்ளோஃபினாக் ஊசி எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். தலைவலிக்கு மாதத்தில் 15 நாள் மாத்திரை போடும் நிலை வந்தால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகியிருக்கலாம். காம்பினேஷன் மாத்திரை என்றால் 10 நாளே அதிகம்.

மாதவிடாய் வலிக்கு மெஃபனாமிக் ஆசிட் அல்லது ஐபுபுரூஃபன் 400, சாப்பிட்ட பிறகு, வலி தொடங்கியதுமே. முற்றியபின் போட்டால் பாதிதான் கேட்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்படாது. மெஃப்டால்-ஸ்பாஸில் மெஃபனாமிக் ஆசிட் 250-ம் குடல் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமின் 10-ம் இருக்கின்றன. வாய் உலர்வதும் பார்வை மங்குவதும் இரண்டாவதன் வேலை. 2023-இன் இறுதியில் இந்திய மருந்துத் தர ஆணையம் மெஃபனாமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல் சேர்ந்து வரும் கடும் ஒவ்வாமை பற்றியது அது. மாத்திரை தொடங்கிச் சில வாரம் கழித்தும் வரலாம் என்பதால் மாத்திரையோடு யாரும் தொடர்புபடுத்துவதில்லை. அப்படி வந்தால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

பல்வலிக்கு ஐபுபுரூஃபன் 400-ஓடு பாரசிட்டமால் 500, ஒத்துக்கொள்பவர்களுக்கு மட்டும், பல் டாக்டரைப் பார்க்கும்வரை. ஐபுபுரூஃபன் நாளுக்கு 1200 மி.கி. தாண்டக் கூடாது. ஆன்டிபயாடிக் வலி மாத்திரை அல்ல.

முழங்கால் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன் டைக்ளோஃபினாக் ஜெல்லை முயன்று பாருங்கள். மேலே தடவுவதால் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பட்டாணி அளவு தொட்டுத் தடவிவிட்டுப் 'பிரயோஜனமில்லை' என்பவர்களே அதிகம்; ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், அதாவது 1 சதவீத ஜெல் ட்யூபில் ஏறத்தாழ 11 செ.மீ. நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், நாளுக்கு 4 முறைவரை. மேலே கட்டுப்போடவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். எரியும் வாசனைத் தைலங்கள் எல்லாவற்றிலும் டைக்ளோஃபினாக் இருப்பதில்லை, ட்யூபிலும் பின்பக்கம் படிக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலும் குத்தலும் நரம்பு வலி. அதற்கு மேலே சொன்ன எதுவும் பெரிதாகக் கேட்காது. அதற்கான மருந்துகள் வேறு. நெஞ்சுவலி, திடீரென்று வந்த மிகக் கடுமையான தலைவலி, வயிற்றுவலியோடு வாந்தி, முதுகுவலியோடு கால் மரத்துப்போதல் அல்லது சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவற்றுக்கு மாத்திரை தேடி நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 7: குழந்தைக்கு எடையைக் கொண்டு கணக்கிடுங்கள்

பாரசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.; ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. ஆனால் எத்தனை மி.லி. என்பது பாட்டிலைப் பொறுத்தது:

- 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.
- 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி.
- 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் 1.5 மி.லி.

டிராப்ஸ் கைக்குழந்தைக்கானது, அதனால் வீரியம் குறைவு என்று நினைப்பது வழக்கம். உண்மையில் அதுதான் ஆகக் கெட்டியானது. சிரப்புக்குச் சொன்ன 6 மி.லி.யை டிராப்ஸில் கொடுத்தால் 150-க்குப் பதில் 600 மி.கி. போய்விடும். வீட்டுக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கு முன் டாக்டர். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடாது.

படி 8: கடையில் கேட்கும் விதம்

'கைகால் வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க' என்று கேட்டால் பேப்பர் கவரில் மூன்று நான்கு உதிரி மாத்திரைகள் வரும். இதைவிட ஆபத்தான கொள்முதல் இல்லை. பெயர் கிடையாது, தேதி கிடையாது. உடனே கேட்க வேண்டும் என்று சில இடங்களில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டையும் சேர்த்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு பலமடங்கு, சர்க்கரையும் ஏறும். கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'பாரசிட்டமால் 500, தனியா, அட்டையோட' என்று ஜெனரிக் பெயரும் அளவும் சேர்த்துக் கேளுங்கள். முதல்வர் மருந்தகம், ஜன் ஔஷதி கடைகளில் பெரும்பாலும் ஜெனரிக் பெயரில் விற்பனை என்பதால் இந்தப் பழக்கம் அங்கே நேரடியாகக் கைகொடுக்கும், காசும் மிச்சம்.

டாக்டர் எழுதிய பிராண்ட் இல்லை, 'அதே கம்போசிஷன்' என்று வேறு ஒன்றை நீட்டினால் இரண்டின் மருந்து வரிகளையும் அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய பிராண்ட் வீட்டில் மீதமிருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டுக்கொள்வது இப்படித்தான் தொடங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி

அமெரிக்கப் பாட்டிலில் 'அசிட்டமினோஃபென்' என்றிருப்பது நம் பாரசிட்டமாலேதான். டைலெனால் அது. இலங்கையிலும் மலேசியாவிலும் எல்லோர் வாயிலும் புழங்கும் பனடோலும் அதுவே. அட்வில் ஐபுபுரூஃபன் 200, அலீவ் நாப்ராக்சன். எக்ஸெட்ரினில் அசிட்டமினோஃபென், ஆஸ்பிரின், காஃபின் மூன்றும் இருக்கின்றன. எகோஸ்பிரின் சாப்பிடும் அப்பாவுக்கு அது கூடாது. 'பிஎம்' என்று முடிபவற்றில் தூக்கம் தரும் டைஃபென்ஹைட்ரமின் இருக்கும். வயதானவர்கள் இரவில் எழும்போது விழுந்துவிட வாய்ப்புண்டு.

அளவு மீறிவிட்டால்

பாரசிட்டமால் அதிகம் போன முதல் 24 மணி நேரம் ஆள் நன்றாகவே இருப்பார், அல்லது லேசாகக் குமட்டும். அதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ஈரல் பாதிப்பு அடுத்த நாள்களில்தான் வெளியே தெரியும். அந்த நச்சை முறிக்க என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாகப் பலன் தரும், தாமதமானாலும் கொடுப்பார்கள். வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலி அட்டைகள், பாட்டில்கள் எல்லாவற்றையும் குப்பையிலிருந்தாவது பொறுக்கி எடுத்துப் போங்கள். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் அந்த அட்டையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.